நஞ்சைத் தாங்கும் மட்டி

கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஃபண்டி விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவுக்கு உலகில் வேறெங்கும் ஏறி இறங்குவதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சில இடங்களில் 16 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. நீர் வற்றியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறும் மணலும் வெளியே தெரியும். அந்தச் சேற்றுக்குள் ஒரு சாண் ஆழத்தில், மென்மையான ஓடு கொண்ட ஒரு மட்டி புதைந்து வாழ்கிறது. அதன் அறிவியல் பெயர் மயா அரெனேரியா. இதே மட்டி நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் அட்லாண்டிக் கரையில், லாரன்ஸ்டவுன் கழிமுகத்திலும் வாழ்கிறது. இரண்டு இடத்து மட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவை வாழ்ந்து வந்த கடல் வேறு. ஃபண்டியில் கோடைதோறும் அலெக்சாண்ட்ரியம் என்னும் நச்சுப்பாசி பெருகுவது நெடுங்காலமாக நடந்து வருகிறது. லாரன்ஸ்டவுனில் அப்படி ஒரு வரலாறு இல்லை. மோனிகா பிரிசெல் என்ற கடலுயிரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இரண்டு இடத்து மட்டிகளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டுக்கும் அந்த நச்சுப்பாசியையே உணவாகக் கொடுத்தார்கள்.

மணல்மேல் வைத்தால் மட்டி தன் தசைப்பாதத்தை நீட்டி மணலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அதுதான். நச்சுப்பாசி தின்ற லாரன்ஸ்டவுன் மட்டிகளுக்கு அந்தச் சக்தி போயிற்று. பாதம் செயலிழந்தது. பல இறந்தன. ஃபண்டி மட்டிகளோ அதே நஞ்சைத் தின்றுவிட்டு மணலுக்குள் இறங்கின. இத்தோடு முடிந்திருந்தால் ஓர் உயிர் தன் சூழலுக்குப் பழகிக்கொண்ட கதை என்று மகிழ்ந்துவிடலாம். ஆனால் உடலைச் சோதித்தபோது, நலமாக இருந்த ஃபண்டி மட்டிகளில்தான் நஞ்சு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. இந்த அத்தியாயம் அந்த முடிவைப் பற்றியது. நஞ்சை நன்றாகத் தாங்கும் மட்டியே அதைத் தின்பவருக்கு அதிகத் தீங்கு செய்யும்.

வடிகட்டிப் பிழைக்கும் உயிர்

மட்டி, ஆளி, கேரளத்தில் கல்லும்மக்காய் என்று அழைக்கப்படும் மஸ்ஸல் சிப்பி, விசிறிபோல் ஓடு விரிந்த ஸ்கேலப் ஆகியவை எல்லாம் இரண்டு ஓடுகளுக்கு நடுவே உடலை வைத்து வாழ்பவை. இரையைத் துரத்திப் பிடிக்க அவற்றுக்கு வழியில்லை. கடல்நீரை உள்ளே இழுத்து, செவுளில் வடித்து, அதில் இருக்கும் நுண்பாசிகளை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விடுகின்றன. செவுள்மீது மயிரிழைகள் வரிசை வரிசையாக அசைந்து நீரோட்டத்தை உண்டாக்கும். சிக்கிய துகள்களைச் சளி பிடித்துக்கொள்ளும். வாயருகே உள்ள மடல்கள் அவற்றைத் தரம் பிரிக்கும். வேண்டாதவை சளியில் உருண்டையாகக் கட்டி வெளியே தள்ளப்படும். வளர்ந்த ஆளி ஒன்று ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரை இப்படி வடிக்கும்.

வடிப்பதே பிழைப்பு என்றால், நீரில் எது மிகுதியாக இருக்கிறதோ அதுவே உடலில் சேரும். அலெக்சாண்ட்ரியத்தின் ஒரு செல் ஏறத்தாழ 30 மைக்ரான் குறுக்களவு உள்ளது. மட்டியின் செவுள் பிடிப்பதற்குத் தோதான அளவு. ஒரு செல்லில் இருக்கும் நஞ்சு மிகச் சொற்பம். ஆனால் நாளெல்லாம் லிட்டர் லிட்டராக நீர் ஓடும்போது அந்தச் சொற்பம் உள்ளே குவிகிறது. ஒரு லிட்டர் நீரில் சில நூறு செல்கள் காணப்பட்டாலே பல நாடுகளில் கண்காணிப்பாளர்கள் விழிப்படைகிறார்கள். அந்த அளவில் நீரின் நிறம் மாறுவதே இல்லை. செம்பாசி அலை என்று நாம் கேள்விப்படும் சிவப்பு நீர் இல்லாமலே மட்டி நஞ்சேறிவிடும். தெளிந்த கடலைப் பார்த்து நம்பிக்கை கொள்வதற்கு இடமில்லை.

பாசி மறைந்துபோனாலும் ஆபத்து முழுதாக விலகாது. அலெக்சாண்ட்ரியம் குளிர்காலத்துக்குமுன் தடித்த உறை கொண்ட உறங்குநிலைச் செல்லாக மாறிக் கடலடிச் சேற்றில் படிந்துவிடும். அடுத்த பருவத்தில் வெப்பமும் வெளிச்சமும் சரியானதும் முளைத்து மேலே வரும். ஒருமுறை வேரூன்றிய விரிகுடாவில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபண்டி மட்டிகளுக்கு நஞ்சு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி ஆனது இப்படித்தான்.

நரம்பின் வாயிலை அடைக்கும் மூலக்கூறு

அலெக்சாண்ட்ரியம் உண்டாக்கும் முதன்மையான நஞ்சு சாக்சிடாக்சின். அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தது அலாஸ்காவின் பட்டர் மட்டி. அந்த மட்டியின் பேரினப் பெயரான சாக்சிடோமஸிலிருந்து அது வந்தது. 1957-இல் எட்வர்ட் ஷான்ட்ஸ் குழுவினர் அந்த மட்டியிலிருந்து நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு 1975-இல் உறுதியானது. இன்று சாக்சிடாக்சின் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் அறியப்பட்டுள்ளன.

நரம்புச் செல்லின் சவ்வில் சோடியம் அயனிகள் மட்டும் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒரு செய்தி நரம்பில் ஓடுவது என்றால் இந்த வாயில்கள் அடுத்தடுத்துத் திறந்து சோடியம் உள்ளே பாய்வது என்று பொருள். சாக்சிடாக்சினில் நேர்மின்சுமை கொண்ட இரண்டு குவானிடினியம் தொகுதிகள் உள்ளன. வாயிலின் வெளிவாயில் எதிர்மின்சுமை கொண்ட அமினோ அமிலங்கள் சோடியத்தை வரவேற்கக் காத்திருக்கின்றன. அந்த வரவேற்பை நஞ்சு தனதாக்கிக்கொள்கிறது. குடுவையின் கழுத்தில் தக்கை இறங்குவதுபோல் இறங்கி அமர்ந்துவிடுகிறது. சோடியம் நுழையாது. செய்தி நின்றுவிடும்.

மனிதரிடம் இதன் விளைவு முதலில் உதட்டிலும் நாக்கிலும் தெரியும். தின்ற அரை மணி நேரத்துக்குள்ளேயே எரிச்சலும் மதமதப்பும் தொடங்கலாம். பிறகு விரல் நுனிகள், கை கால்கள். கடுமையானால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கடைசிவரை நினைவு தெளிவாகவே இருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து முதல் நாளைக் கடத்திவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். சாக்சிடாக்சின் வெப்பத்துக்கு அசையாது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை.

மட்டிக்கும் நரம்பு உண்டு, சோடியம் வாயில்கள் உண்டு. அப்படியானால் மனிதரைக் கொல்லும் அளவு நஞ்சை உடலில் வைத்துக்கொண்டு அது எப்படி வாழ்கிறது?

வாயை மூடும் ஆளி, தொடர்ந்து தின்னும் மஸ்ஸல்

பெட்டி ட்வாரோக் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், பாலூட்டிகளின் மூளையில் செரோட்டோனின் இருப்பதை 1950-களில் கண்டவர். மஸ்ஸலின் தசைகளை ஆராய்ந்தபோதுதான் அவருக்கு அந்தப் பொருளில் ஆர்வம் பிறந்தது. 1972-இல் அவரும் ஜப்பானிய அறிஞர் இருவரும் பல்வேறு சிப்பிகளின் நரம்பைத் தனியே எடுத்து சாக்சிடாக்சின் கரைசலில் வைத்துப் பார்த்தார்கள். இனத்துக்கு இனம் பெரும் வேறுபாடு தெரிந்தது. நீல மஸ்ஸலின் நரம்பு நஞ்சுக்குப் பெரிதும் அசையவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரை ஆளியின் நரம்பு குறைந்த அளவிலேயே ஓய்ந்தது.

இந்த வேறுபாடு அவை கடலில் நடந்துகொள்ளும் விதத்தோடு பொருந்துகிறது. நச்சுப்பாசி வந்ததும் ஆளி நீரிழுப்பதைக் குறைக்கிறது, ஓட்டை இறுக மூடிக்கொள்கிறது, உள்ளே வந்த செல்களைச் சளியில் உருட்டி வெளியே தள்ளுகிறது. பட்டினி கிடந்தாவது ஆபத்தைக் கடக்கும் உத்தி இது. ஓட்டை மூடியபடி உயிர்வளி குறைந்த நிலையில் சில நாட்கள் தாக்குப்பிடிக்க ஆளியால் முடியும். பாசிப்பெருக்கம் வாரக்கணக்கில் நீண்டால் மூடிய ஓடு திறந்தே தீரவேண்டும்.

மஸ்ஸல் வேறு உத்தியைக் கையாள்கிறது. அதன் நரம்பு தாங்குவதால் அது வழக்கம்போல் தின்றுகொண்டே இருக்கிறது. பாசிப்பெருக்கம் தொடங்கிய சில நாட்களுக்குள் மிக உயர்ந்த அளவு நஞ்சை உடலில் ஏற்றிவிடுகிறது. பாசி போனபின் சில வாரங்களில் பெரும்பகுதியை வெளியேற்றியும் விடுகிறது. பல நாடுகள் கடற்கரை நெடுக மஸ்ஸலையே காவலாளியாகக் கட்டித் தொங்கவிட்டுச் சோதிப்பதற்கு இந்த வேகம்தான் காரணம். நீரில் நஞ்சு வந்ததை எல்லாச் சிப்பிகளுக்கும் முன்னால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

தாங்குகிற இனம் நிறையத் தின்று நிறையச் சேர்க்கிறது, தாங்காத இனம் ஒதுங்கிக் குறைவாகச் சேர்க்கிறது என்ற ஒழுங்கு இங்கே வெளிப்பட்டது. அப்போதைக்கு இது இனங்களுக்கு இடையிலான வேறுபாடாகவே தெரிந்தது. ஓர் இனத்துக்குள்ளேயே இதே வேறுபாடு இருக்கமுடியும் என்பதைக் காட்டியது ஃபண்டி மட்டி.

ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம்

பிரிசெல் குழுவில் சியாட்டிலைச் சேர்ந்த வேரா டிரெய்னரும், சோடியம் வாயில் புரதத்தை முதன்முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவரான வில்லியம் கேட்டரலும் இருந்தார்கள். அவர்கள் இரண்டு இடத்து மட்டிகளின் சோடியம் வாயில் மரபணுவையும் படித்து ஒப்பிட்டார்கள். வாயிலின் துளையை உருவாக்கும் பகுதியில் ஓரிடத்தில் லாரன்ஸ்டவுன் மட்டிகளில் குளுட்டாமிக் அமிலம் இருந்தது. தாங்கும் ஃபண்டி மட்டிகளில் அதே இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தது.

இரண்டுமே எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றைவிட இன்னொன்று ஒரே ஒரு கார்பனும் அதன் இரண்டு ஹைட்ரஜனும் குட்டை. அவ்வளவுதான் வேறுபாடு. இந்தச் சிறிய குறுக்கத்தால் சாக்சிடாக்சின் வந்து அமரும் இடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. வாயிலோடு நஞ்சு பிணையும் வலிமை ஆயிரம் மடங்கு குறைந்துபோகிறது. சோடியம் மட்டும் முன்போலவே போய்வருகிறது. நரம்பு வேலை செய்கிறது, நஞ்சு பக்கத்தில் இருந்தும் பயனற்றுக் கிடக்கிறது.

2005-இல் நேச்சர் இதழில் வெளிவந்த இந்த ஆய்வுக்கு முந்தைய பக்கங்களில் வேறொரு உயிரைப் பற்றிய கட்டுரை இருந்தது. வட அமெரிக்காவில் டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு நிறைந்த நியூட் என்னும் நீர்நிலவாழ் உயிரைத் தின்று பிழைக்கும் கார்ட்டர் பாம்புகள் பற்றியது அது. டெட்ரோடாக்சினும் அதே சோடியம் வாயிலின் வாயை அடைப்பதுதான். அந்தப் பாம்புகளும் வாயில் புரதத்தில் சில அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டே நஞ்சை வென்றிருந்தன. சேற்றில் புதைந்த மட்டியும் காட்டில் ஊரும் பாம்பும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வாயிலில் ஒரே வகைத் தீர்வுக்கு வந்து சேர்ந்திருந்தன. பரிணாமத்துக்குத் திறந்திருக்கும் வழிகள் சில நேரங்களில் எவ்வளவு குறைவு என்பதற்கு இது நல்ல சான்று.

ஃபண்டியில் இந்த மாற்றம் பரவியதற்குக் காரணம் நஞ்சு செய்த தேர்வு. பாசிப்பெருக்கம் வரும்போதெல்லாம் தாங்காத மட்டிகள் புதைய முடியாமல் மேலே கிடந்து பறவைக்கும் நண்டுக்கும் இரையாகின்றன, அல்லது நேரடியாக இறக்கின்றன. தாங்குபவை இனம்பெருக்குகின்றன. தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் மரபணுவின் பங்கு கூடுகிறது. பிரிசெல் குழு இதிலிருந்து எடுத்த முடிவு மனிதரைப் பற்றியது. நச்சுப்பாசி புதிய கரைகளுக்குப் பரவினால் அங்குள்ள மட்டிகளும் காலப்போக்கில் தாங்கும் திறன் பெறலாம். அப்படிப் பெற்றால் முன்பைவிட அதிக நஞ்சைச் சுமந்து நம் தட்டுக்கு வரும்.

சேர்த்து வைப்பதும் உருமாற்றுவதும்

நரம்பைக் காத்துக்கொள்வது ஒரு வழி. உள்ளே வந்த நஞ்சை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான சிப்பிகளில் நஞ்சு முதலில் செரிமானச் சுரப்பியில் குவிகிறது. அங்கிருந்து சில இனங்களில் பிற உறுப்புகளுக்கும் போகிறது. ஸ்கேலப்பில் ஓட்டை மூடும் வெண்தசைக்கு மிகக் குறைவான நஞ்சே சேரும். உலகின் பல இடங்களில் அந்தத் தசையை மட்டும் தின்று உள்ளுறுப்புகளை எறிந்துவிடும் வழக்கம் உண்டு. அந்த வழக்கம் பலரைக் காத்திருக்கிறது. முழு ஸ்கேலப்பையும் தின்றால் அந்தக் காப்பு இல்லை.

அலாஸ்காவின் பட்டர் மட்டி நஞ்சைத் தன் நீர்க்குழலில் சேமிக்கிறது. சேற்றுக்குள் புதைந்த மட்டி நீரிழுக்க மேலே நீட்டும் குழல் அது. அந்த நஞ்சை அது இரண்டு ஆண்டு வரை வைத்திருக்கக்கூடும். மேலே நீளும் குழலை மீனும் பிறவும் கடிக்க வரும் என்பதால், இந்தச் சேமிப்பு மட்டிக்கே தற்காப்பாகவும் உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கூண்டில் வைத்த கடல் நீர்நாய்களுக்கு நஞ்சேறிய பட்டர் மட்டிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவை தின்னும் அளவைக் குறைத்துக்கொண்டன. நஞ்சு மிகுந்த குழலைத் தனியே கழித்துப் போட்டன. அந்த விலங்குக்கு இருக்கும் எச்சரிக்கை நம் நாக்குக்கு இல்லை. சாக்சிடாக்சினுக்கு நாம் உணரக்கூடிய வாசமோ சுவையோ கிடையாது.

சில மட்டிகள் நஞ்சின் வேதிவடிவத்தையே மாற்றுகின்றன. பசிபிக் கரையின் லிட்டில்நெக் மட்டியிடம் சாக்சிடாக்சின் குடும்ப மூலக்கூறுகளின் ஒரு பக்கக்கிளையை வெட்டியெடுக்கும் நொதி இருக்கிறது. எந்த வடிவம் உள்ளே வந்தது என்பதைப் பொறுத்து, வெட்டியபின் வீரியம் குறையவும் செய்யும், கூடவும் செய்யும். உருமாற்றம் என்றாலே நஞ்சு நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. மட்டி தன் உடலின் தேவைக்கு மாற்றுகிறது. தின்பவரின் நலம் அதன் கணக்கில் இல்லை.

வேறு நஞ்சுகள், வேறு வழிகள்

1987 இறுதியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த மஸ்ஸலைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மூவர் இறந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கோடு சிலருக்கு நினைவே அழிந்தது. பழைய செய்திகள் மனத்தில் இருந்தும் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த முடியாத நிலை அவர்களில் சிலருக்கு நீடித்தது. ஹாலிஃபாக்ஸ் ஆய்வுக்கூட வேதியியலாளர்கள் சில நாட்களிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அது டொமோயிக் அமிலம். 1950-களில் ஜப்பானில் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரிக்கப்பட்டு, குடற்புழு மருந்தாக அறியப்பட்டிருந்த பொருள் அது. இங்கே அதை உண்டாக்கியது சூடோநிட்சியா என்னும் டையாட்டம் வகை நுண்பாசி.

டொமோயிக் அமிலம் மூளையில் செய்தி கடத்தும் குளுட்டமேட்டைப் போல நடித்து நரம்புச் செல்களை ஓயாமல் தூண்டிக் கொல்கிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதல் பலி. மஸ்ஸல் இதைச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வெளியேற்றிவிடும். வாஷிங்டன் மாநிலக் கரையில் மக்கள் ஆண்டுதோறும் தோண்டியெடுக்கும் சவரக்கத்தி வடிவ மட்டியோ மாதக்கணக்கில் வைத்திருக்கும். அந்த மட்டியின் இழையங்களை ஆராய்ந்த டிரெய்னர், அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் குளுட்டமேட் ஏற்பிகள் இருக்கலாம் என்றும் அதனால்தான் டொமோயிக் அமிலம் சூழ்ந்தும் அது இயங்குகிறது என்றும் கருதினார். அப்படியானால் சாக்சிடாக்சினை எதிர்த்த ஃபண்டி மட்டியின் உத்தியும் இதுவும் நெருங்கியவை. நஞ்சு பிடிக்கும் இடத்தின் வடிவத்தை அதற்குப் பொருந்தாமல் வைத்துக்கொள்வது.

ஐரோப்பாவின் பெரிய ஸ்கேலப் டொமோயிக் அமிலத்தை இன்னும் நீண்டகாலம் விடாமல் வைத்திருக்கிறது. அண்மை ஆய்வுகள் அது செரிமானச் சுரப்பிச் செல்களுக்குள் சிறு பைகளில் அடைபட்டுக் கிடப்பதைக் காட்டியுள்ளன. நஞ்சை அடைத்து வைத்ததால் ஸ்கேலப்பின் செல்கள் பிழைக்கின்றன. அதே அடைப்பால் மீனவர்கள் மாதக்கணக்கில் பிடிக்க முடியாமல் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகை ஒகடாயிக் அமிலம். டைனோஃபிசிஸ் என்னும் பாசியிலிருந்து வருவது, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. 1970-களில் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் மஸ்ஸல் தின்றோருக்கு வந்த நோயை ஆராய்ந்து தகேஷி யசுமோட்டோ இந்த வகை நஞ்சை வெளிக்கொண்டு வந்தார். பல சிப்பிகள் இந்த நஞ்சோடு கொழுப்பமிலத்தை இணைத்துவிடுகின்றன. இணைந்த வடிவம் சிப்பிக்குக் குறைவான தீங்கே செய்கிறது. மனித வயிற்றில் அந்த இணைப்பு அறுந்து பழைய நஞ்சு மீண்டும் வெளிப்படுகிறது. எனவே சோதனைக்கூடங்கள் சிப்பிச் சாற்றைக் காரத்தில் சூடாக்கி இணைப்பை அறுத்த பிறகே அளக்கின்றன. அப்படிச் செய்யாவிட்டால் நஞ்சின் ஒரு பகுதி கணக்கில் வராது.

தாங்க முடியாதபோது

சிப்பிகள் எல்லா நஞ்சையும் வென்றுவிட்டன என்று இதையெல்லாம் வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஹெட்டரோகாப்சா சர்க்குலாரிஸ்குவாமா என்ற நுண்பாசி 1988-இல் ஜப்பானின் கோச்சி மாநிலத்தில் கண்டறியப்பட்டது. 1992-இல் முத்து வளர்ப்புக்குப் பேர்பெற்ற ஆகோ விரிகுடாவில் அது பெருகி முத்துச்சிப்பிகளைப் பெருமளவில் கொன்றது. மீனுக்கும் மனிதருக்கும் தீங்கில்லாத அந்தப் பாசி, சிப்பியின் செவுளையும் மேலுறையையும் தொட்டாலே சிதைக்கிறது. ஓட்டை மூடினாலும் உள்ளே சிக்கிய செல்களே போதும். 1985-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையில் பெருகிய பழுப்புப் பாசி, அங்கே வளமாக இருந்த வளைகுடா ஸ்கேலப் மீன்பிடித் தொழிலையே சாய்த்துவிட்டது. அது பெருகிய நீரில் ஸ்கேலப்பின் குஞ்சுகளுக்குத் தின்ன முடியவில்லை.

பழகிய நஞ்சுக்குத்தான் உயிர் விடை கண்டிருக்கிறது. தலைமுறைக் கணக்கில் நஞ்சோடு வாழ்ந்த ஃபண்டி மட்டிக்குக் கிடைத்த காலம், புதிய பாசி திடீரென்று வந்து இறங்கும் கரையில் வாழும் சிப்பிக்குக் கிடைப்பதில்லை. கப்பல்கள் நிலைநிறுத்தத் தொட்டிகளில் சுமந்துவரும் நீரிலும் இடம் மாற்றி வளர்க்கும் சிப்பி விதைகளோடும் பாசிகளின் உறங்குநிலைச் செல்கள் பயணம் செய்கின்றன. கழிவுநீரும் உரநீரும் கடலை ஊட்டுகின்றன. கடல்நீர் சூடேறிவருகிறது. அந்தக் காலம் மேலும் சுருங்குகிறது.

நம் தட்டுக்கு வரும்போது

மனிதர் இந்த நஞ்சால் இறந்தது பழைய கதை. 1793-இல் ஜார்ஜ் வான்கூவரின் பயணக்குழு, இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையில் மஸ்ஸலைக் காலை உணவாகத் தின்றது. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி சில மணி நேரத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு நச்சு வளைகுடா என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1799-இல் அலாஸ்காவின் சிட்கா அருகே ரஷ்யர்களுக்காக வேட்டையாடிய நூற்றுக்கும் மேற்பட்ட அலியூட் மக்கள் மஸ்ஸல் தின்று மாண்டார்கள். 1927-இல் சான் ஃபிரான்சிஸ்கோ அருகே 102 பேர் நோயுற்று ஆறு பேர் இறந்தபின்தான், ஹெர்மன் சோமரும் கார்ல் மேயரும் சேர்ந்து நஞ்சுக்கும் நுண்பாசிக்கும் உள்ள தொடர்பை நிறுவி 1937-இல் வெளியிட்டார்கள்.

நம் கரையும் இதற்கு வெளியே இல்லை. 1981-இல் தமிழ்நாட்டில் மட்டி தின்று 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூவர் இறந்ததாகப் பதிவு உண்டு. 1983-இல் மங்களூர் அருகேயும் இப்படியொரு நிகழ்வு. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் மஸ்ஸல் தின்ற ஏழு பேர் இறந்தார்கள்; ஐந்நூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் கரையில் வளரும் அதே பச்சை மஸ்ஸல் பிலிப்பைன்ஸில் ஏழை வீட்டு உணவு. 1983-இல் அங்கே பைரோடினியம் என்ற நச்சுப்பாசி பெருகத் தொடங்கியதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கின்றன. அந்நாட்டு அரசு எந்த விரிகுடாவில் சிப்பி எடுக்கக்கூடாது என்று தொடர்ந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது.

காலங்காலமாகச் சொல்லப்படும் பல சோதனைகள் பொய்யானவை. வெள்ளிக் காசு கறுக்காது. ஈ ஒதுங்காது. பூண்டும் புளியும் நஞ்சை முறிக்காது. மட்டி உயிரோடு துள்ளினாலும் ஓட்டை இறுக மூடினாலும் நஞ்சில்லை என்று ஆகாது. அப்படி நலமாக இருக்கும் மட்டியே அதிக நஞ்சைச் சுமக்கக்கூடும் என்பதை ஃபண்டி காட்டிவிட்டது. கிருமிகளைப் போக்க மட்டியைத் தூய நீர்த்தொட்டியில் இரண்டொரு நாள் விடும் முறை இந்த நஞ்சுகளை நம்பத்தக்க வகையில் நீக்காது. கொதித்த சாற்றில் நஞ்சு கொஞ்சம் கரைந்து இறங்கும். அந்தச் சாற்றைக் குடிப்பவருக்கு அதுவே போய்ச்சேரும்.

நம்பக்கூடியது வேதிச் சோதனை ஒன்றுதான். ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் சாக்சிடாக்சின் வகைகள் 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான நாடுகள் அந்தக் கரையை மூடிவிடுகின்றன. டொமோயிக் அமிலத்துக்கு எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒகடாயிக் அமிலத்துக்கு ஐரோப்பிய எல்லை 160 மைக்ரோகிராம். வாரந்தோறும் நீரையும் சிப்பியையும் எடுத்துச் சோதித்து, எல்லை தாண்டியதும் மூடி, இறங்கியதும் திறக்கும் ஒழுங்கு இருக்கும் கரைகளில் இந்த நஞ்சால் சாவு அரிதாகிவிட்டது. அலாஸ்காவில் அரசுச் சோதனை விற்பனைக்குப் போகும் மட்டிகளுக்கு மட்டும் இருந்தது. வீட்டுக்காகத் தோண்டும் மட்டிகளுக்குச் சோதனை இல்லாததைக் கண்டு, சிட்காவின் பழங்குடி மக்கள் 2016-இல் தங்களுக்கென்று ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்கள். பக்கத்துப் பழங்குடி ஊர்கள் தோண்டியெடுத்து அனுப்பும் மட்டிகளும் அங்கே சோதிக்கப்படுகின்றன.

நம் கழிமுகங்களில் மட்டி எடுப்பவர்களில் பலர் பெண்கள். எடுப்பதில் ஒரு பங்கு வீட்டு உலைக்கும் மீதி பக்கத்துச் சந்தைக்கும் போகிறது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சிப்பிக்குக் கிடைக்கும் அதே சோதனை, அந்தப் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தின்னும் மட்டிக்கும் கிடைக்கவேண்டும். பாசி பெருகும் மாதங்களில் அறிவிப்பு ஊர்க்கூட்டத்துக்கும் மீன்சந்தைக்கும் தமிழில் போய்ச் சேரவேண்டும். மட்டி தின்றபின் உதடு மதமதத்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பது கடலோர வீடு ஒவ்வொன்றுக்கும் தெரிந்திருக்கவேண்டும். மட்டி தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுவிட்டது. நம்மைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.